பெற்ற உபசாரம்: இல்லை

“இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இன்று முதல் எந்தக் கதையும் தான் சொல்வதை மட்டுமே சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்தும் கதைகள், அவை எவ்வளவு பழையவையாயினும், எவ்வளவு பெரியவர் எழுதியவையாயினும், ஐயத்துக்குரியவையாகக் கருதப்பட்டு விசாரிக்கப்படும். இறந்துபோன எழுத்தாளர்களுக்கு விதிவிலக்கு இல்லை. – தலைவர், நேர்ப்பொருள் வாரியம்.”

மனித குல வரலாற்றில் இவ்வளவு முக்கியமான அறிவிப்பு இதற்கு முன் வந்ததில்லை என்று அதன் அடிக்குறிப்பிலேயே போட்டிருந்தது. ஆகையால் அதை வாரியக் கட்டடத்தின் மூன்று மாடியிலும், லிஃப்டுக்குள்ளும், கழிவறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டினார்கள். கழிவறைப் பிரதியின் கீழே யாரோ பென்சிலால் ‘மிக நன்று’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அது பாராட்டுதானா, அல்லது வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க ஏழு வாரம் பிடித்தது. கடைசியில் கதவையே கழற்றிக் கோப்போடு கட்டி வைத்தார்கள். மூன்றாம் மாடிக் கழிவறைக்கு இன்றைக்கும் கதவு கிடையாது.

வாரியம் சும்மா பிறந்துவிடவில்லை. பள்ளிப் பாடநூலில் பதினோரு வருஷமாக ஒரு பழைய கதை இருந்து வந்தது. அதில் ஓர் அதிகாரி தினமும் சரியான நேரத்துக்கு அலுவலகம் வருவார், சரியான நேரத்துக்கு வீட்டுக்குப் போவார், முப்பது வருஷத்தில் ஒரு தவறும் செய்யாமல், ஒரு வேலையும் செய்யாமல் ஓய்வு பெறுவார். பிள்ளைகள் அவருடைய நற்குணங்களைப் பட்டியல் போட்டுப் பத்துக்குப் பத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். நிஜமான பெரிய அதிகாரி ஒருவர் தன் பிரிவுபசார விழாவில் அந்தக் கதையைக் கண்கலங்க வாசித்தார். “என்னைப் பத்தியே எழுதின மாதிரி இருக்கு” என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் மூன்றே மாதத்தில் வாரியம் வந்துவிட்டது.

தலைவராக வந்தவர் அதற்கு முன்பு தராசுகளுக்கும் படிக்கற்களுக்கும் முத்திரை குத்தும் துறையில் இருந்தவர். “ஒரு கிலோன்னா ஒரு கிலோ. அதுல உள்ளர்த்தம் கிடையாது. கதையும் அப்படி இருந்தா என்ன குறைஞ்சா போயிடும்?” என்று முதல் நாளே கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அதையே ஒப்புதலாகப் பதிவு செய்துகொண்டார்கள்.

அந்த வாரியத்தில் அச்சுப் பிழை திருத்துகிறவராக இருந்தவரைக் ‘கமா’ என்பார்கள். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. மனிதர்கள் வாயில் இருந்தது இதுதான். பிறந்தநாள் வாழ்த்து அட்டையைக் கொடுத்தால்கூட, நன்றி சொல்வதற்கு முன் அதில் விட்டுப்போன கமாவைப் போட்டுவிடுகிற ஆள். வயது ஐம்பத்தேழு. இரண்டு அறை வீடு, இரண்டாம் மாடி. மனைவி போய் மூன்று வருஷம். ஒரே மகள் தூரத்து ஊரில் குடும்பமாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் செய்வாள். “சாப்டீங்களாப்பா?” என்பாள். “சாப்டேம்மா” என்பார். ஒன்பது நிமிஷத்தில் முடிந்துவிடும்.

மற்றபடி வீட்டில் அவருக்குப் பேச்சு குறைவு. பொங்குகிற பாலைப் பார்த்து “இரு, இரு” என்பார். கதவைப் பூட்டிவிட்டு “பூட்டியாச்சு” என்பார். ஆக, நாளொன்றுக்கு மூன்று சொல். விருந்தாளி யாராவது வந்துவிட்டால் என்ன பேசுவது என்று ஆரம்பத்தில் கொஞ்சம் யோசித்து வைத்திருந்தார். யாரும் வரவில்லை என்பதால் அது அப்படியே பத்திரமாக இருந்தது.

வாரியத்தில் கதையைக் கடைசிவரை படிக்கிற பழக்கம் உள்ளவர் அவர் ஒருவர்தான் என்பதால், பழைய கதைகளைப் படித்துப் படிவம் நிரப்பும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது. படிவத்தில் மூன்றே கேள்வி. கதையில் நடப்பது என்ன? சொன்னது தவிர வேறு ஏதேனும் உணர்த்தப்படுகிறதா? ஆம் என்றால், அதற்கு யார் அனுமதி கொடுத்தது?

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மேசைக்கு ஒரு சின்னக் கதை வந்தது. எழுதியவர் இறந்து அறுபது வருஷம் ஆகிறது. கதை இவ்வளவுதான்: ஒருவன் தினமும் வேலையிலிருந்து வீட்டுக்கு வரும்போது, அடுக்களையில் இரண்டு கோப்பைகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. வீட்டில் இருப்பவள் மனைவி ஒருத்தி. இரண்டாவது கோப்பை யாருக்கு? அவனுக்குள் சந்தேகம் புகுந்துவிடுகிறது. கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போவதுபோல் போய், பின்கதவு வழியாக வந்து ஒளிந்துகொள்கிறான். நாலு மணிக்கு அவள் தேநீர் போடுகிறாள். இரண்டு கோப்பையில் ஊற்றுகிறாள். ஒன்றை அவனுடைய காலி நாற்காலிக்கு எதிரே வைக்கிறாள். தன்னுடையதைக் குடித்து முடிக்கிறாள். மற்றதைத் தொட்டியில் கொட்டிவிட்டு, இரண்டையும் கழுவிக் கவிழ்க்கிறாள். அவன் சத்தமில்லாமல் வெளியே போய்த் தெருவைச் சுற்றிவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வந்து மணியடிக்கிறான். கதை முடிந்தது.

கமா இரண்டு முறை படித்தார். இரண்டாவது கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டார்.

மறுநாள் செயலாளர் அம்மா கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் அந்தக் கதை. மூன்றாம் பக்கத்தைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருந்தது.

“இது என்ன?” என்றார். அவள் தேநீரைத் தொட்டியில் கொட்டுகிற வரிமேல் ஒரு சொட்டு ஈரம் காய்ந்து, தாள் லேசாகப் புடைத்திருந்தது.

“அது வந்துங்கம்மா… கண்ணீர்.”

“யாரோடது?”

“என்னோடதுதான்.”

செயலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “கதையில சொன்னதைத் தவிர வேற ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. ஒரு பொம்பள டீயைக் கீழ கொட்டுறா. அதுக்கு ஒரு மனுஷன் அழுவானா? அழுதா, அங்க எழுதாத ஏதோ ஒண்ணு இருக்கு. இருக்குன்னா, இல்லைன்னு எழுதுன நீங்க யாரு?”

“தெரியலீங்கம்மா” என்றார் கமா. செயலாளர் அம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

விசாரணை ஆரம்பமாயிற்று. முதலில் சொட்டைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். உப்பு இருக்கிறது என்று பதில் வந்தது. ‘உப்பு இருப்பதன் நோக்கம் என்ன’ என்று வாரியம் திருப்பிக் கேட்டது. எழுத்தாளருக்கு ஆஜராகும்படி பதிவுத் தபால் போனது. ‘இறந்துவிட்டார்’ என்று எழுதித் தபால் திரும்பி வந்தது. இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது.

பிறகு செயல்முறை ஆய்வு. ஏழு உறுப்பினர்களும் கூட்ட அறையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. கேண்டீன் ஊழியர் ஒருவர் அதில் பதினோரு முறை தேநீர் கொட்டினார். உறுப்பினர்களின் கண்களை டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணும் நனையவில்லை. எட்டாவது முறை ஒருவர் பெருமூச்சு விட்டார்; கேட்டபோது, காலையிலிருந்து தமக்கு இன்னும் டீ வரவில்லை என்றார். சாதாரண மனிதன் இதற்கு அழமாட்டான் என்பது இவ்வாறு அறிவியல் முறைப்படி நிலைநாட்டப்பட்டது.

அப்படியானால் கமா சாதாரண மனிதர் இல்லை. உள்ளே ஒன்று வைத்துக்கொண்டு வெளியே ஒன்று சொல்கிறவர். குற்றம் உறுதியானால் அவர் இனி எழுத்து உள்ள எதையும் தொடக் கூடாது. காகிதக் கிடங்கில் வெற்றுத் தாள் எண்ணும் வேலைக்குப் போக வேண்டும். தனியாக.

செய்தி பரவிய அன்றே அலுவலகத்தில் அவரைச் சுற்றி ஓர் இடைவெளி விழுந்தது. அவர் “வணக்கம்” என்றால், வாங்கிக்கொள்ளலாமா கூடாதா என்று ஆட்கள் திகைத்தார்கள். கேண்டீன் நிர்வாகி “சாப்பாடு எப்படி சார்?” என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார். “நல்லாருக்கு” என்றார் கமா. ஒன்பது வருஷத்தில் அந்தச் சாப்பாட்டை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நிர்வாகி நேரே மாடியேறிப் போய்ப் புகார் கொடுத்தார். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற டைப்பிஸ்ட் அம்மாளும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார். போகும்போது சொன்னார்: “தப்பா நினைச்சுக்காதீங்க கமா சார். எனக்கு அங்க காத்து வருது, அவ்ளோதான். நான் சொல்றதுல வேற அர்த்தம் இல்ல. இல்லைன்னு சொல்றதுலயும் இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். அவளுக்கும் வாரியம் கடிதம் அனுப்பியிருந்தது.

“அப்பா, நான் நல்லா இருக்கேன்.”

“சரிம்மா.”

“நிஜமாவே நல்லா இருக்கேன். எழுதிக்கிறவங்க எழுதிக்கலாம். சாப்டீங்களான்னு கேக்கலாமாப்பா?”

“கேளும்மா.”

“வேண்டாம்ப்பா, எதுக்கு வம்பு. அடுத்த வாரம் கூப்பிடுறேன்.”

நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

விதிப்படி, சந்தேகத்துக்கு ஆளானவர் வீட்டில் என்ன பேசுகிறார் என்று பதிவு செய்ய ஒரு குறிப்பாளர் அனுப்பப்பட வேண்டும். தினமும் மாலை ஆறு முதல் எட்டு வரை. திங்கட்கிழமை சரியாக ஆறு மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஐம்பது வயது மதிக்கத்தக்க வழுக்கைத் தலை மனிதர் ஒருவர், தோளில் பை, கையில் ஒரு மடக்கு நாற்காலி.

“உங்க நாற்காலில உக்காரக் கூடாது சார். ரூல்” என்று சொல்லி, கூடத்தின் நடுவில் அதை விரித்து உட்கார்ந்தார். நோட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். “பேசுங்க.”

“யார்கிட்ட?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். வழக்கமா என்ன பேசுவீங்களோ பேசுங்க.”

கமா அடுப்படிக்குப் போய்ப் பால் வைத்தார். அது பொங்கியது. “இரு, இரு” என்றார். குறிப்பாளர் எட்டிப் பார்த்தார். “என்னையா சார் சொன்னீங்க?”

“பாலை.”

“பாலைன்னே எழுதிக்கட்டுமா?”

“எழுதிக்குங்க. டீ குடிக்கிறீங்களா?”

குறிப்பாளர் நோட்டின் அடியைக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் அச்சடித்த ஒரு வரி: ‘பெற்ற உபசாரம்:’. “தண்ணி குடிச்சாக்கூட இதுல எழுதணும் சார். எழுதுனா வேலை போயிடும்.”

கமா தலையாட்டிவிட்டு ஒரு கோப்பையில் மட்டும் ஊற்றினார். எதிரே ஒரு மனிதரை உட்கார வைத்துவிட்டுத் தனியாகக் குடிப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டே குடித்தார். மூன்று நாள் இப்படிப் போயிற்று. நாலாம் நாள், கேட்காமலேயே இன்னொரு கோப்பையில் ஊற்றிக் கொண்டுவந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார்.

குறிப்பாளர் அதைப் பார்த்தார். நோட்டை மூடினார்.

“அண்ணே” என்றார். “சர்க்கரை போட்டாச்சா?”

அதற்குப் பிறகு ஓர் ஒழுங்கு ஏற்பட்டுவிட்டது. நோட்டு திறந்திருந்தால் ‘சார்’. மூடியிருந்தால் ‘அண்ணே’. முதலில் எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மூடினார். பிறகு ஏழரைக்கு. மூன்றாவது வாரத்தில் வந்து உட்கார்ந்ததும் திறந்து, தேதி போட்டு, மூடிவிட்டார். மடக்கு நாற்காலியைத் தினமும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைவதையும் விட்டுவிட்டார்; அது கூடத்திலேயே விரித்தபடி கிடந்தது. கமா காலையில் கூட்டும்போது அதை நகர்த்தாமல் சுற்றிக் கூட்டினார்.

பேசுவதற்கு இவ்வளவு இருக்கிறது என்று கமாவுக்கே தெரியாது. முப்பது வருஷமாகத் திருத்திய பிழைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு திருமண அழைப்பிதழில் மாப்பிள்ளை பெயரை விட்டுவிட்டு அச்சடித்தது, அதை அவர் கண்டுபிடித்துச் சொன்னது, பெண் வீட்டார் “அப்படியே இருக்கட்டும், யோசிக்கிறோம்” என்று சொன்னது. குறிப்பாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் வீட்டுக் கதையும் வெளியே வந்தது. அவரும் தனிக்கட்டைதான். ஊர் ஊராக, வீடு வீடாகப் போய் அடுத்தவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, தன் பங்குக்குப் பேசுவதற்கு எதுவுமே மிஞ்சவில்லை என்றார்.

“நம்மளைப் பாத்தாலே எல்லாரும் வாயை மூடிக்கிறாங்கண்ணே. ரெண்டு மணி நேரம் சுவரைப் பாத்துட்டு ‘அமைதி’ன்னு எழுதிட்டு வருவேன். டீயைக் கண்ணுல காட்டுனது நீங்க ஒருத்தர்தான்.”

கமா ஆறு மணிக்கு முன்பே ஜன்னலருகில் நிற்கத் தொடங்கியிருந்தார். விசாரணைக்கு ஆளான மனிதன் இப்படி ஆவலோடு காத்திருப்பதில் ஏதாவது உள்ளர்த்தம் இருக்கிறதா என்று அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. தெருமுனையில் வழுக்கைத் தலை தெரிந்ததும் அடுப்பைப் பற்ற வைத்தார்.

முப்பத்தொன்றாம் நாள் குறிப்பாளர் கேட்டார்: “அண்ணே, கேக்கக் கூடாது. இருந்தாலும் கேக்குறேன். அன்னைக்கு ஏன் அழுதீங்க?”

கமா எழுந்து போய் அடுப்படியிலிருந்து இரண்டு கோப்பைகளையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். வெள்ளைக் கோப்பைகள். விளிம்பில் தங்க நிறத்தில் ஒரு கோடு இருந்திருக்கிறது. இரண்டிலும் அழிந்து அங்கங்கே துண்டு துண்டாக நின்றது.

“கல்யாணத்துக்கு வந்தது. இது அவளோடது. அடி அகலமா இருக்கே, இது என்னோடது. நான் காலைல ஏழு மணிக்குப் போனா ராத்திரிதான் வருவேன். டீயெல்லாம் ஆபீஸ்லயே. என் கோப்பைல நான் குடிச்சது ஞாயித்துக்கிழமை மட்டும்தான் தம்பி.”

“சரி.”

“அவ போன அப்புறம்தான் கவனிச்சேன். அவளோடதுல எவ்வளவு கோடு போயிருக்கோ அவ்வளவு என்னோடதுலயும் போயிருக்கு. தினமும் கழுவித் தேச்சாத்தான் அப்படிப் போகும். ஞாயித்துக்கிழமைக் கணக்குல போகாது.” கமா தன் கோப்பையை லேசாகத் திருப்பினார். “யார் குடிச்சாங்கன்னு மூணு வருஷம் நினைச்சேன். வெளிய சொல்லல. ராத்திரில நினைப்பேன். பக்கத்து வீட்டுக்காரரை நினைச்சேன். பேப்பர் போடுறவரை நினைச்சேன். செத்துப்போனவகிட்டப் போய்க் கேக்கவும் முடியாது. அவ படத்தைக்கூடத் திருப்பி வெச்சிட்டேன்.”

குறிப்பாளர் விளிம்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“அன்னைக்கு அந்தக் கதைல, அவ அந்த டீயைத் தொட்டில கொட்டுறா பாருங்க. அப்பத்தான்…” என்றார் கமா. அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. பிழைதிருத்துகிறவர், முடியாத வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுவது அவருக்கு அதுவே முதல் தடவை.

குறிப்பாளர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். படம் திரும்பித்தான் இருந்தது. எழுந்து போய் அதை நேராக மாட்டினார். பிறகு வந்து உட்கார்ந்து, அகல அடிக் கோப்பையை நீட்டினார். “இதுலயே ஊத்துங்கண்ணே.” வாங்கி வைக்க இடம் பார்த்து, மடியில் இருந்த நோட்டைப் பிரித்து, அன்றைய பக்கத்தின் மேலேயே வைத்துக்கொண்டார்.

நாற்பத்து மூன்றாம் நாள் எட்டு மணிக்கு அவர் நாற்காலியை மடக்கினார். நோட்டு திறந்திருந்தது. “முடிஞ்சுது சார். நாற்காலி ஆபீஸோடது” என்றார். அது கிடந்த இடத்தில், அதன் ரப்பர் கால்கள் பதிந்து நாலு கறுப்புப் புள்ளிகள் இருந்தன.

தீர்ப்பு நாளன்று கூட்ட அறை நிரம்பி வழிந்தது. தலைவர் எழுந்தார்.

“நான் கடைசியா ஒரு கதை படிச்சு இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. அதனாலதான் என்னால நடுநிலையா இருக்க முடியுது. இந்த விஷயத்துல நாம எவ்வளவு கவனமா இருந்தோம்னு வருங்காலம் சொல்லும். ஒரு மனுஷன் வீட்ல நாப்பத்து மூணு நாள் உக்காந்து, அவர் பேசுன ஒரு சொல்லையும் விடாமக் கேட்டு, அதுல ஒண்ணுமே இல்லைன்னு நிரூபிச்சிருக்கோம். உலகத்துல எந்த வாரியமும் இதைச் செஞ்சதில்ல. தாள்ல இருந்த சொட்டு பத்திப் பரிசோதனைக் கூடம் என்னென்னமோ சொல்லுது. நாம ஓட்டுக்கு விட்டோம். நாலுக்கு மூணுங்கிற கணக்குல அது வியர்வைன்னு தீர்மானம் ஆயிடுச்சு. இவர் உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு இருக்கிற ஆள் இல்ல. சொல்லப்போனா, உள்ளயும் ஒண்ணும் இல்லாதவர்!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கமாவுக்குச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். இவர் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரே பொருள்தான் என்று அதில் எழுதியிருந்தது. ‘சான்றிதழ்’ என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அவர் அதை அப்படியே வாங்கிக்கொண்டார்.

கதைக்கும் விடுதலை கிடைத்தது, சில திருத்தங்களோடு. புதிய வடிவம் பாடநூலில் வந்தது: ‘கணவன் வேலைக்குப் போனான். மனைவி தேநீர் குடித்தாள். கணவன் திரும்பி வந்தான்.’ கீழே பயிற்சி: ‘மனைவி எத்தனை கோப்பை தேநீர் குடித்தாள்?’

வாசலில் குறிப்பாளர் நின்றிருந்தார். கையில் நோட்டு திறந்திருந்தது.

“வாழ்த்துகள் சார்.”

“சாயங்காலம் அந்தப் பக்கம் வந்தா…”

“விதி பதினாலு சார். விடுதலையானவர்கிட்ட குறிப்பாளர் பேசக் கூடாது. பேசுனா அது நட்புன்னு ஆயிடும். நட்புன்னு ஆச்சுன்னா நான் எழுதுனது எல்லாம் சந்தேகத்துக்கு வந்துடும்.” சொல்லிவிட்டு, நோட்டை மூடுவதுபோல் விரலை இடுக்கில் வைத்தார். செயலாளர் அம்மா அந்தப் பக்கமாக வந்தார். குறிப்பாளர் விரலை எடுத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்துக் கமாவின் மேசைக்கு ஒரு கட்டு வந்தது. அவருடைய விசாரணையை எல்லாக் கிளைகளுக்கும் முன்மாதிரியாக அனுப்ப அச்சிடுகிறார்கள். வாரியத்தில் பிழைதிருத்த வேறு ஆள் இல்லை. அச்சுத் தாளோடு, ஒப்பிட்டுப் பார்க்க, குறிப்பாளர் கைப்பட எழுதிய மூலமும் இருந்தது.

கமா கதவைச் சாத்திவிட்டு மெல்லத் திறந்தார். நாற்பத்து மூன்று மாலையும் திரும்ப வந்துவிட்டதுபோல் அவருக்குத் தோன்றியது. கல்யாணப் பத்திரிகைக் கதையை எப்படி எழுதியிருப்பார்? சிரித்ததை எழுதியிருப்பாரா?

முதல் பக்கம்: ‘குறிப்பிடத்தக்க எதுவும் பேசப்படவில்லை. பெற்ற உபசாரம்: இல்லை.’

இரண்டாம் பக்கமும் அதுவே. பத்தாம் பக்கமும். இருபதாம் பக்கமும். கமா வேகமாகப் புரட்டினார். ஒரு சொல்லும் இல்லை. ஒரு பிழை, ஒரு சிரிப்பு, ஒரு பெயர்கூட இல்லை. அவர் மூன்று வருஷம் சேர்த்து வைத்துக் கொடுத்த பேச்செல்லாம் எங்கே போயிற்று? நிஜமாகவே அந்த மனிதருக்கு அது குறிப்பிடத்தக்கதாகத் தோன்றவில்லையோ? பழைய சந்தேகப் புழு வேறு உருவத்தில் நெளிந்தது.

முப்பத்தொன்றாம் பக்கம். ‘குறிப்பிடத்தக்க எதுவும் பேசப்படவில்லை. பெற்ற உபசாரம்: இல்லை.’ அந்த ‘இல்லை’யைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பெரிய வளையம் ஒன்று காய்ந்திருந்தது. அகல அடிக் கோப்பை. ஒரு சொட்டைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிய ஏழு பேரும் அந்தப் பக்கத்தில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தலைவர் வளையத்துக்குள்ளேயே போட்டிருந்தார்.

கமா பக்கங்களை எண்ணிப் பார்த்தார். மூன்று நாள் போக, நாற்பது தேநீர். நாற்பது ‘இல்லை’. கண்ணுக்கு நேரே நாற்பது பிழை. தன் மேசைக்கு வந்த தாளில் ஒரு பிழையையும் அவர் தெரிந்தே விட்டதில்லை.

சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒரே ஒரு இடத்தில் சுழித்தால் போதும். விதிப்படி விசாரணை முதலிலிருந்து தொடங்கும். நாளைக்கு மாலை ஆறு மணிக்கு மணி அடிக்கும்; மடக்கு நாற்காலியோடு ஓர் ஆள் வந்து நிற்பார். வேறு ஆள். பழைய குறிப்பாளருக்கு வேலை போயிருக்கும். ஆனாலும் ஓர் ஆள்.

பேனா முனை தாளுக்கு மேலே நின்றது. ஜன்னலுக்கு வெளியே யாரோ யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள்.

முன்னுரையில் ஒரு கமா விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டார். கடைசிப் பக்கத்துக்குப் போய், ‘மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். வேறு பிழை எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மேலே யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவரிடம்தான் சான்றிதழ் இருந்ததே.

அன்று மாலை வீட்டுக்குப் போய் இரண்டு கோப்பை தேநீர் போட்டார். ஒன்றைக் கொண்டுபோய், தரையில் அந்த நாலு புள்ளிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆறு மணி ஆயிற்று. ஆறே கால் ஆயிற்று. யாரும் வரவில்லை.

இரண்டையும் அவரே குடித்தார்.